கட்டுபெத்தையில் ஒரு பகல்

மொறட்டுவை என்ற பெயரைக் கேட்டதும் எம்மவர்க்கு முதலில் நினைவில் வருவன கட்டிலும் அலுமாரியுமே. தச்சுத் தொழிலுக்குப் பெயர்பெற்ற அவ்வூரின் ஊடே காலி வீதியில் எத்தனையோ முறை பஸ்ஸிற் சென்றிருக்கிறோம். அரிந்த மரத்தின் வாசனை யன்னல் வழியே வந்து மூக்கைத் தொடும். அடுத்த ஊர் வந்ததும் அது மறந்துபோகும். அங்கே இறங்கி ஒரு பகற்பொழுதைக் கழிக்க வேண்டிய தேவை ஏற்படும் என்று நாம் ஒருபோதும் எண்ணியதில்லை. அத்தேவையை உண்டாக்கியவன் எம்மிடம் பௌதிகவியல் பயின்ற ஒரு மாணவன்.

எமது கல்லூரியிலே சில ஆண்டுகளுக்கு முன்னர் புதிய வகுப்பறைத் தொகுதி ஒன்று எழுந்தது. வெப்பக் கடத்தல் பற்றி நாம் அங்கே பாடம் நடத்திக்கொண்டிருந்த ஒரு பங்குனி மாதத்து நண்பகலில், பின்வாங்கிலிருந்த அம்மாணவன் எழுந்து, “சேர், இந்தப் புது வகுப்பறையைவிடச் சைக்கிள் விடுகிற ஓலைக் கொட்டில் குளிராய் இருக்கிறது. அது ஏன்?” என்று வினவினான். கரும்பலகையிலே எமது சமன்பாடு அழகாகத்தான் இருந்தது. ஆயினும் அவன் வினாவுக்கு உடனே விடை கூற எம்மால் இயலவில்லை. அவன் விட்டானல்லன். ஆய்வுகூடத்து வெப்பமானிகள் இரண்டைக் கேட்டு வாங்கி, ஒன்றை வகுப்பறையிலும் மற்றொன்றைக் கொட்டிலிலும் தொங்கவிட்டு, ஒரு வாரம் குறிப்பெடுத்தான். நண்பகலில் மூன்று பாகைக்கு மேல் வித்தியாசம் இருந்தது.

உயர்தரப் பரீட்சை முடிந்ததும் கட்டடக்கலை பயிலப் போவதாக அவன் வீட்டிற் சொல்லியிருக்கிறான். அவனுடைய தந்தையார் மேசன் தொழில் செய்பவர். மறுநாளே எம்மைத் தேடி வந்துவிட்டார்.

“மாஸ்ரர், நான் முப்பது வருஷமாய் வீடு கட்டுறன். ஆரோ கீறித் தந்த படத்தைப் பார்த்துத்தான் கட்டுறன். படம் கீறப் பழகுறதுக்கு அஞ்சு வருஷம் பல்கலைக்கழகமோ? பொறியியல் எண்டால் ஊரிலை ஒரு மதிப்பு. நீங்கள் சொன்னால் கேட்பான்.”

உண்மையைச் சொன்னால், அப்பொழுது எமது அபிப்பிராயமும் அதுவேதான். ஆயினும் தெரியாத ஒன்றைப் பற்றி ஒரு பிள்ளையின் வாழ்க்கைக்குத் தீர்ப்புக் கூறுவது ஆசிரியனுக்கு அழகன்று. பல்கலைக்கழகத்தில் நடைபெறும் உளச்சார்புப் பரீட்சைக்கு நாமே அவனை அழைத்துச் சென்று, அங்கே என்னதான் கற்பிக்கிறார்கள் என்பதை நேரிற் கண்டு வந்து சொல்வதாக வாக்களித்தோம். நாம் போவதற்கு வேறு ஒரு காரணமும் இருந்தது. அதனைப் பின்னர் கூறுவோம்.

இரவுப் புகையிரதத்தில் ஏறி விடியற்காலையிற் கோட்டைப் புகையிரத நிலையத்தை அடைந்தோம். அங்கிருந்து பஸ் பிடித்துக் கட்டுபெத்தைச் சந்தியில் இறங்கி, பொல்கொட ஏரிப் பக்கமாகச் செல்லும் வீதியிற் சிறிது தூரம் நடந்தால் பல்கலைக்கழக வாயில் தோன்றும். 1960இல் இவ்விடத்தில் ஒரு தொழில்நுட்ப நிறுவகமாகத் தொடங்கியதே, 1966இல் தொழில்நுட்பக் கல்லூரியாகி, 1972இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கட்டுபெத்தை வளாகமாகி, 1978இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் என்னும் பெயரைப் பெற்றது. நம் நாட்டிற் கட்டடக்கலைக் கல்வி ஆரம்பமானதும் இவ்விடத்திலேதான், ஆண்டு 1961. அதற்கு முன்னர் கட்டடக்கலைஞராக விரும்பியோர் கடல் கடந்தே செல்ல வேண்டியிருந்தது.

மாணவன் பரீட்சை மண்டபத்தினுள் நுழைந்துவிட்டான். வெளியே மரநிழலிற் பெற்றோர் கூட்டம். காலியிலிருந்து வந்தவர், கண்டியிலிருந்து வந்தவர், மட்டக்களப்பிலிருந்து வந்தவர் என்று பலர் இருந்தனர். மொழி வேறாயினும் எல்லார் முகத்திலும் எழுதியிருந்த வினா ஒன்றே. எமக்கோ ஒரு நல்வாய்ப்புக் கிட்டியது. எமது ஊர்ப்பக்கத்துப் பிள்ளை ஒருத்தி அங்கே நான்காம் வருடத்திற் கட்டடக்கலை பயில்கிறாள். நாம் வருவதை முன்னரே அறிந்திருந்த அவள், கையில் ஒரு மட்டை வீட்டுடன் எம்மைத் தேடி வந்தாள்.

ஐந்து வருடமும் என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டோம். அவள் விரல்விட்டு எண்ணினாள். வரலாறு உண்டு, கட்டடத்தைத் தாங்கும் அமைப்புப் பற்றிய கல்வி உண்டு, கட்டடப் பொருள்களின் இயல்பு உண்டு. வெப்பம், ஒளி, ஒலி, காற்று ஆகியவை மனிதன் வாழும் அறைக்குள் எவ்வாறு நடந்துகொள்கின்றன என்று ஆராயும் கட்டட விஞ்ஞானம் உண்டு. இவை யாவும் வந்து சேரும் இடம் வடிவமைப்புக் கூடம். மாணவர் வழக்கில் அது ஸ்ரூடியோ. பல இரவுகள் கண்விழித்து வரைந்த படங்களைச் சுவரிலே தொங்கவிட்டு, மட்டையில் வெட்டி ஒட்டிய மாதிரியையும் வைத்து, ஆசிரியர்களின் வினாக்களுக்கு எல்லார் முன்னிலையிலும் விடை கூற வேண்டும். “படம் வடிவாய் இருக்கிறது என்று ஒருவரும் புகழ மாட்டார்கள், சேர். இந்தச் சுவர் ஏன் இங்கே நிற்கிறது என்றுதான் கேட்பார்கள்,” என்றாள் அவள்.

பின்பு கையிலிருந்த மட்டை வீட்டை வெயிலிற் பிடித்தாள். அதன் அருகில் ஒரு சிறு தாள் ஒட்டப்பட்டு, நடுவில் ஒரு குண்டூசி நிறுத்தப்பட்டிருந்தது. குறித்த ஓர் அகலக்கோட்டுக்கு வரைந்த சூரியக் கடிகாரம் அது. குண்டூசியின் நிழல்நுனி வேண்டிய மாதத்தையும் மணியையும் தொடும்வரை மாதிரியைச் சாய்த்தால், அந்த மாதத்தில் அந்த மணிக்கு அவ்வீட்டிலே வெயில் எங்கே விழும் என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

“இது யாழ்ப்பாணத்துக்கு வரைந்தது, சேர். சித்திரை நடுப்பகுதி, உச்சிப்பொழுது,” என்று சொல்லி மாதிரியைச் சாய்த்தாள். குண்டூசிக்கு நிழலே இல்லை. யாழ்ப்பாணம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ ஒன்பதே முக்காற் பாகையில் இருப்பதால், சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் மீண்டும் ஆவணி மாதத்திலும் சூரியன் எமது உச்சந்தலைக்கு நேரே நிற்கிறான். இடைப்பட்ட மாதங்களில் நண்பகலில் அவன் எமக்கு வடக்கே நிற்பான்; ஏனைய மாதங்களிலே தெற்கே. வடக்குச் சுவரிலும் தெற்குச் சுவரிலும் படும் நண்பகல் வெயில் உயரத்திலிருந்து வருவதால், சிறு தாழ்வாரமே அதனைத் தடுத்துவிடும். பிற்பகல் நான்கு மணிக்கு மாதிரியை அவள் திருப்பியபோது, மேற்கு யன்னலால் நுழைந்த ஒளி அறையின் எதிர்ச் சுவர்வரை ஓடியது. உத்தராயணம், தட்சிணாயனம் என்று ஆண்டுதோறும் சொல்லி வருகிறோம். அவை எமது யன்னலுடன் சம்பந்தப்பட்டவை என்று நாம் எண்ணிப் பார்த்ததில்லை.

ஒலியைப் பற்றி அவள் கூறியது எம்மை இன்னும் வெட்கமுறச் செய்தது. 1895இல் அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்துப் புதிய விரிவுரை மண்டபம் ஒன்றிற் பேச்சே விளங்கவில்லை. பேசிய சொல் ஐந்து வினாடிக்கு மேலாகச் சுவர்களுக்கிடையே எதிரொலித்துக்கொண்டிருந்தது. அதனைத் திருத்தும் பொறுப்பு வாலஸ் சபீன் என்னும் இளம் பௌதிக ஆசிரியரிடம் வந்தது. அவர் அயலிலிருந்த நாடக மண்டபத்து மெத்தைகளை இரவில் எடுத்துவந்து பரப்பி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்து, விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பி வைத்தார். மண்டபத்தின் கனவளவு கூடினால் எதிரொலி நீளும். ஒலியை உறிஞ்சும் பரப்புக் கூடினால் அது குறுகும் என்னும் எளிய விதியை அவ்வாறே கண்டார். 1900இல் திறக்கப்பட்ட பொஸ்ரன் சிம்பொனி மண்டபம் அவ்விதியைக் கொண்டு அமைக்கப்பட்டது. அவரும் எம்மைப்போல் ஒரு பௌதிக ஆசிரியர்! எமது கல்லூரி மண்டபத்திலே பரிசளிப்பு விழாப் பேச்சு விளங்காமைக்கு ஒலிபெருக்கிக்காரரை ஆண்டுதோறும் ஏசி வந்தோமேயன்றி, கூரையையும் சுவரையும் அண்ணாந்து பார்த்தோமில்லை.

இத்துறை ஓர் தனி விஞ்ஞானமாக மதிக்கப்பட்டதும் மிகப் பழைய கதையன்று. கட்டடக்கலை விஞ்ஞானத்திற்கென்று உலகிலே முதற் பேராசிரியராக ஹென்றி கோவன் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் நியமனம் பெற்றது 1953இலேயே. அடுத்த ஆண்டு, வெப்பவலய நாடுகளின் கட்டடங்களுக்கென ஒரு கற்கைநெறி லண்டன் கட்டடக்கலைச் சங்கத்தின் பள்ளியில் ஆரம்பமாயிற்று. அதே பள்ளியில் 1957இற் பயின்று முடித்தவரே நம் நாட்டு ஜெஃப்ரி பாவா. முதலிற் சட்டம் பயின்று வழக்கறிஞராகிய அவர், கட்டடக்கலைத் தகுதியைப் பெற்றபோது வயது முப்பத்தெட்டு. 1982இல் திறக்கப்பட்ட கோட்டே நாடாளுமன்றக் கட்டடம் அவர் கைவண்ணம். “பிந்திவிட்டது என்று இந்தத் துறையிலே ஒன்றுமில்லை, சேர்,” என்றாள் அப்பெண்.

அப்பொழுதுதான் எமது இரண்டாவது காரணத்தை வெளியிட்டோம்.

எமது தந்தையார் கட்டிய நாற்சார் வீட்டை 2016இல் இடித்தோம். ஓடு ஒழுகிற்று, மரம் உளுத்தது, அயலெல்லாம் புதுவீடு எழுந்தது. நடு முற்றம் வீண் நிலம் என்று தோன்றியது. கொங்கிறீற்றுத் தட்டைக் கூரையுடன், கடன்பட்டு, புதுவீடு கட்டினோம். குடிபுகுந்த இரண்டாம் மாதமே அன்னையார் தம் அறையை விட்டுப் பாயை எடுத்துக்கொண்டு விறாந்தைக்கு வந்துவிட்டார். “உள்ளுக்குப் புழுக்கம், மோனை,” என்றதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மின்விசிறி வாங்கினோம், அது சூட்டைச் சுழற்றியதேயன்றி வேறு பயனில்லை. எண்பது வயது மூதாட்டி மழைச்சாரலிலும் விறாந்தையிற் படுப்பதைக் காணும்போதெல்லாம், கட்டிய வீடு எம்மைப் பார்த்துக் கேலி செய்வதுபோல் இருக்கும்.

அவள் ஒரு வினாவே கேட்டாள்: “அம்மாவின் அறை எந்தத் திசையில் இருக்கிறது, சேர்?”

நாம் யோசிக்க வேண்டியிருந்தது. வீட்டைக் கட்டியவர்கள் நாம். சீமெந்து என்ன விலை, கம்பி எத்தனை, வாசற்படி எந்தப் பக்கம் என்று நூறு முறை விசாரித்தோம். மனையடி சாஸ்திரமும் பார்த்தோம். அன்னையார் எங்கே படுப்பார், அங்கே மாலை வெயில் படுமா என்று ஒருமுறையேனும் கேட்கவில்லை. தென்மேற்கு மூலை என்று மெல்லச் சொன்னோம்.

அவள் எம்மைக் குறைகூறவில்லை. தாள் எடுத்து வரைந்து விளக்கினாள். கொங்கிறீற்றுத் தட்டுப் பகல் முழுவதும் வெயிலை வாங்கிச் சேமிக்கிறது. மேற்புறத்து வெப்பம் கீழ்ப்புறத்தை வந்தடையச் சில மணித்தியாலம் செல்கிறது. ஆகவே வெளியே காற்றுக் குளிரும் வேளையிலேதான் கூரை தன் சூட்டைப் படுத்திருப்பவர்மேற் சொரிகிறது. பழைய வீட்டு ஓடு மெல்லியது. சூட்டை நெடுநேரம் வைத்திராது. சூடான காற்று மேலெழுந்து ஓட்டு இடுக்குகளால் வெளியேறியது. தாழ்வாரம் சுவர்களில் வெயில் படாது காத்தது. திறந்த முற்றமோ இரவில் தன் வெப்பத்தை வானுக்கு விட்டுக் குளிர்ந்து, அக்குளிர்ச்சியைச் சுற்றியிருந்த அறைகளுக்குப் பங்கிட்டது. வீண் நிலம் என்று நாம் எண்ணியதே அவ்வீட்டின் மூச்சாக இருந்திருக்கிறது.

“இடித்ததைப் பற்றி இனிக் கவலைப்பட்டு என்ன செய்வது? கூரைக்கு மேலே வெள்ளைச் சுண்ணாம்பு பூசுங்கள். வெயிலிற் பெரும்பகுதி திரும்பிவிடும். அதற்கு மேலே காற்றோட இடம் விட்டு ஒரு கிடுகுப் பந்தல் போடுங்கள். மேற்கு யன்னலுக்கு வெளியே ஒரு தட்டி கட்டுங்கள். வெயிலைக் கண்ணாடிக்கு உள்ளே விட்டபின் திரைபோட்டு மறைப்பதிலே பயன் குறைவு,” என்றாள்.

பரீட்சை முடிந்து மாணவன் வந்தான். எப்படி எழுதினாய் என்று நாம் கேட்கவில்லை. அவன் கண்கள் மட்டை வீட்டின்மேலேயே இருந்தன. இருவரும் ஒரு மணி நேரம் பேசினர், நாம் கேட்டுக்கொண்டிருந்தோம்.

மறுநாட் பகற் புகையிரதத்தில் ஊர் திரும்பினோம். 1990 தொடக்கம் யாழ்ப்பாணத்துக்கு வண்டி இன்றி, 2014இல் மீண்டும் வண்டி கண்ட பாதை அது. வன்னியிலே 2009இன் பின்னர் எழுந்த வீடுகள் இருமருங்கும் தெரிந்தன. பட்டப்பகல். வீடுகள் வெயிலிலே நிற்க, வீட்டுக்காரர் மாமர நிழலிலே கதிரை போட்டு இருந்தனர். மாணவன் அதனைச் சுட்டிக் காட்டினான், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

அவனுடைய தந்தையாரிடம் எமது முடிவைக் கூறுமுன், எமது கூரைக்கு ஒரு வேலை இருக்கிறது என்று அவரையே அழைத்தோம். இரண்டு நாளிற் சுண்ணாம்பு பூசினார். மூன்றாம் நாள் பந்தலும் தட்டியும் கட்டினார். அந்த வாரமே அன்னையார் பாயை அறைக்குள் எடுத்துச் சென்றார். புழுக்கம் முற்றாக நீங்கியது என்று சொல்ல மாட்டோம். ஆயினும் அவர் இரவில் எழுந்து வெளியே வரவில்லை.

கூலியைக் கொடுக்கும்போது அம்மனிதர் அறைக்குள் நுழைந்து, கூரையின் அடிப்புறத்தை நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார். “மாஸ்ரர், முப்பது வருஷமாய் எத்தனையோ வீடு கட்டினன். ஒரு வீட்டுக்குள்ளையும் ஒரு இரவு படுத்துப் பார்க்கேல்லை,” என்றார். சிறிது நேரம் சென்று, “பெடியன் படிக்கட்டும்,” என்றார்.

பரீட்சை முடிவு இன்னும் வரவில்லை. வரும்வரை அவன் எமது ஆய்வுகூடத்து வெப்பமானி இரண்டையும் திருப்பித் தருவதாக இல்லை. ஒன்று இப்பொழுது எமது அன்னையாரின் அறையிலே தொங்குகிறது.