பெயருக்கு முன்னால்

தங்கச்சி மகளின் கலியாணக் கார்ட்டில் என் பெயருக்கு முன்னால் 'கலாநிதி' என்று அச்சடித்திருந்தார்கள். மச்சான் செய்த வேலை. "எம்.ஏ. முடிச்சிட்டீங்கதானே மச்சான், அடுத்தது அதுதானே" என்றார். கார்ட் ஊரெல்லாம் கொடுத்தாயிற்று.

திருத்த எனக்கு மனம் வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். உம்மா அந்தக் கார்ட்டைக் கண்ணாடி அலுமாரியில், வருகிறவர்கள் கண்ணில் படும்படி நிறுத்தி வைத்திருந்தார். இரண்டு மூன்று வருடத்தில் அதை உண்மையாக்கிவிடலாம் என்ற நினைப்புடன் விண்ணப்பப் படிவத்தைத் தூக்கிக்கொண்டு பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் போனேன். அலுவலகத்தில் இருந்த பிள்ளை என் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "சேர், இது ஒன்பதாம் மட்டம். இதுல ஆய்வு இல்லையே" என்றாள். கலாநிதிக்கு நேரே பதிய முடியாதாம்.

2012இல் வந்து 2015இல் திருத்தப்பட்ட இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் மொத்தம் 12 மட்டங்கள். நம்மில் பலர் படித்த மூன்று வருடப் பொதுப்பட்டம் 5. நான்கு வருடச் சிறப்புப்பட்டம் 6. பட்டப்பின் சான்றிதழ் 7, டிப்ளோமா 8. சிக்கல் அதற்கு மேலேதான். முதுமாணி என்ற ஒரே பெயருக்குள் இரண்டு இருக்கின்றன. விரிவுரை கேட்டு, பரீட்சை எழுதி, 30 கிரெடிட்டுடன் முடிவது 9. ஆய்வும் சேர்ந்து 60 கிரெடிட் வருவது 10. பிறகு முதுதத்துவமாணி 11. முழுநேரமாகக் குறைந்தது இரண்டு வருட ஆய்வு. கலாநிதி 12, குறைந்தது மூன்று வருடம்.

சனி, ஞாயிறு பஸ்ஸில் போய், மனைவியின் காப்பை அடகு வைத்து நான் வாங்கியது 30 கிரெடிட். யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எம்.ஏ. என்றால் எம்.ஏ. தானே என்றிருந்தேன்.

பேராசிரியர் ம.மு. உவைஸ் தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்கள் ஆற்றிய பங்களிப்பைப் பற்றித் தம் எம்.ஏ.க்காக எழுதிய ஆய்வேடு 1953இல் நூலாக வந்தது. அதைத் தொடாமல் இன்றைக்கும் இந்தத் துறையில் எவரும் உள்ளே வர முடியாது. அவரும் எம்.ஏ., நானும் எம்.ஏ.! என்னிடம் இருப்பது போட்டோப் பிரதி எடுத்த நோட்ஸ் ஒரு கட்டு.

முதுதத்துவமாணிக்குப் பதிந்தேன். எங்கள் பக்கத்து வீடுகளில் கிடக்கும் அரபுத்தமிழ்க் கையெழுத்துப் பிரதிகள்தான் தலைப்பு. பதிந்த அன்றே உம்மாவிடம் போய், "அந்தப் பட்டம் எனக்கு இன்னும் கிடைக்கல்ல உம்மா" என்றேன்.

"அப்ப கார்ட்டுல போட்டது?"

"பிழை."

"எப்ப கிடைக்கும் மகன்?"

"அல்லாஹ் நாடினா, அஞ்சாறு வருஷம்."

அவருக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. ஒன்றும் பேசாமல் தஸ்பீஹை உருட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை போனபோது அலுமாரியில் கார்ட் இல்லை. மூத்தம்மாவின் அரபுத்தமிழ்க் கொப்பி ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்து வந்து என் மடியில் வைத்தார். இப்படி ஒன்று வீட்டில் இருப்பதே எனக்குத் தெரியாது. முன்பக்கங்கள் சிலதைக் கரையான் தின்றிருந்தது.