குடகு மழையைக் கேட்டுப் புறப்படுங்கள்!

விடுமுறை நாளில் குடும்பத்துடன் எங்கேயாவது போய்வரவேண்டும்; குழந்தைகளுக்கோ ஆற்றில் படகு ஏற ஆசை. உங்கள் வீட்டில் இப்படிப் பேச்சு எழுந்தால், தயங்காமல் ஒகேனக்கல் என்று சொல்லுங்கள். தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாகச் சுமார் 46 கிலோமீட்டர். தருமபுரியில் காலையில் பஸ் ஏறினால் மாலையில் திரும்பிவிடலாம்.

அங்கே உங்களை ஏற்றிச் செல்வது பரிசல். மூங்கிலால் பின்னிய பெரிய வட்டக் கூடை என்று வைத்துக்கொள்ளுங்களேன்! முன்பெல்லாம் அதன் அடியில் தோல் போர்த்துவார்கள்; இப்போது பிளாஸ்டிக் விரிப்பு வந்துவிட்டது. இந்த ஓடத்துக்கு முன்புறமும் கிடையாது, பின்புறமும் கிடையாது. பரிசல்காரர் ஒற்றைத் துடுப்பை வைத்துக்கொண்டு, செங்குத்தான பாறைகளுக்கு நடுவே காவேரியில் அழைத்துப் போவார். அருவியின் திவலைகள் புகை போல எழும்பி முகத்தில் படும். கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை. ஊருக்கு அந்தப் பெயர் வந்த காரணம் அப்போது உங்களுக்கே விளங்கிவிடும்.

ஆனால் ஒன்று. கட்டுச்சாதத்தையும் மாற்றுத் துணியையும் எடுத்துவைத்துவிட்டு, வாசலில் நின்று வானத்தைப் பார்த்து, "மழை இல்லை, கிளம்பலாம்" என்று தீர்மானித்துவிடாதீர்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரையில் ஒகேனக்கல்லின் வெள்ளத்தைத் தீர்மானிப்பது குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் மழைதான். கிருஷ்ணராஜ சாகரமும் கபினி அணையும் நிரம்பி, உபரி நீரைத் திறந்துவிட்டால், இங்கே சுள்ளென்று வெயில் அடிக்கும்போதே காவேரி பொங்கி வருவாள்.

பிலிகுண்டுலுவில் அளந்து, 'விநாடிக்கு இத்தனை கன அடி' என்று சொல்வதைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். நம் வீட்டுக் குடத்தில் ஏறக்குறைய இரண்டு குடம். 2024 ஜூலைக் கடைசியில் ஒகேனக்கல்லில் அது ஒரு லட்சத்தைத் தாண்டியது. விநாடிக்கு இரண்டு லட்சம் குடம்! அதன் முன்னே மூங்கில் கூடை எம்மாத்திரம்? வெள்ளக் காலத்தில் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை விதிப்பது இதனால்தான். ஆகவே, கிளம்புவதற்கு முதல் நாளும், அன்று காலையிலும் விசாரித்துவிடுங்கள்.

பரிசலில் ஏறுமுன் எல்லோரும் லைஃப் ஜாக்கெட் அணியவேண்டும். குழந்தையின் வாரை நீங்களே இழுத்துப் பாருங்கள். புடவை கசங்குமே என்று உங்களுடையதை மடியில் வைத்துக்கொள்ளாதீர்கள், சகோதரி! படம் எடுப்பதற்காக யாரையும் எழுந்து நிற்க விடாதீர்கள்.

கரை திரும்பியதும் பசி வயிற்றைக் கிள்ளும். மீன் சாப்பிடுகிறவர்கள் வாங்கிக் கொடுத்தால், அங்கேயே சமைத்துத் தரும் பெண்கள் இருக்கிறார்கள். மற்றவர்களுக்கு உங்கள் தயிர்சாதம் இருக்கவே இருக்கிறது.

அன்று தடை என்று தெரிந்தால்? குழந்தைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளட்டும், பரவாயில்லை. வெள்ளம் வடிந்தபின் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை வராமலா போய்விடும்?