பழைய பென்ஸும் இரண்டு பட்டறைகளும்

கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் நாற்பது வயது கடந்த ஒரு மெர்சிடிஸ் காரை வாங்கிப் பேண விரும்புகிறவர், அதன் வர்ணத்தையும் இருக்கைகளையும் அடித்தட்டின் துருவையும் எவ்வளவு சிரத்தையோடு பார்த்து முடித்தாலும், பெட்ரோலா டீசலா என்ற கேள்விக்கு விடை காணாமல் முன்பணத்தைக் கொடுத்துவிட முடியாது. பிரிக்பீல்ட்ஸில் வசிக்கும் என் நண்பர், ஓய்வுபெற்ற ஆசிரியர், அந்தக் கேள்வியோடுதான் என்னிடம் வந்தார். அவர் பார்த்து வைத்திருந்த இரண்டு கார்களும் டபிள்யூ 123 என்னும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை. ஒன்று 1982ஆம் ஆண்டின் 200, பெட்ரோல் வண்டி. மற்றொன்று ஏறக்குறைய அதே வயதுடைய 240 டி. கார்களைக் காட்டிலும் அவற்றைக் காப்பாற்றும் கைகளைப் பார்க்க வேண்டும் என்ற ஆவல் எனக்கு வெகுநாளாக உண்டு. ஆகவே அவருடன் புறப்பட்டேன்.

1975ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிப் பத்தாண்டுகளுக்குச் சற்று மேலாக, ஏறக்குறைய 27 இலட்சம் கார்களை உருவாக்கி உலகெங்கும் அனுப்பிய வரிசை அது. டீசல் எஞ்சினைக் காரில் பொருத்தும் வழக்கத்தை மெர்சிடிஸ் நிறுவனம் 1936இல் 260 டி என்னும் வண்டியைக் கொண்டு ஆரம்பித்தது. அதை முதன்முதலில் ஆதரித்தவர்கள் வாடகைக் கார் ஓட்டுநர்களே. மலேசியாவிலும் டீசல் பென்ஸ் என்றவுடன் மூத்தவர்களுக்கு நினைவு வருவது ஊர்விட்டு ஊர் போகும் வாடகைக் கார்தான். தனியார் டீசல் கார்களின் சாலை வரி 2008 வரை பெட்ரோல் கார்களின் வரியைவிட மிக உயர்வாக இருந்தபடியால், குடும்பஸ்தர்கள் பெரும்பாலும் பெட்ரோல் வண்டியையே நாடினார்கள். இன்று சந்தையில் பெட்ரோல் 200, 230 ஈ முதலியவை தாராளமாகவும் நல்ல டீசல் வண்டிகள் அருமையாகவும் கிடைப்பதற்கு இதுவும் ஒரு முக்கிய காரணம்.

பெட்ரோல் காரைப் பார்க்க ஜாலான் துன் சம்பந்தனுக்குப் பின்புறமுள்ள சந்தொன்றுக்குப் போனோம். பூமாலைக் கடைகளும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளும் நிறைந்த அந்த வீதிக்குப் பின்னால், தகரக் கூரையின் கீழ் இரண்டு கார்கள் மட்டுமே நிற்கக்கூடிய பட்டறை அது. அதை நடத்துகிறவர் அறுபது வயதை எட்டியவர். "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, எங்கள் விடைக்குக் காத்திராமல் எஞ்சின் மூடியைத் திறந்தார்.

அந்த 200இல் இருப்பது ஸ்டிராம்பர்க் கார்ப்பரேட்டர். அதன் மேல்மூடியின் திருகுகளைக் கழற்றி, உள்ளேயிருந்த கறுப்பு ரப்பர்த் தட்டை இரு விரல்களால் பிடித்து வெளிச்சத்துக்கு நேராக விரித்துக் காட்டினார். எஞ்சின் இழுக்கும் காற்றின் வெற்றிடத்தால் அந்த ரப்பர் மேலெழ, அதனோடு ஒரு ஊசியும் எழுந்து பெட்ரோலுக்கு வழிவிடுகிறது. ரப்பரில் குண்டூசி முனையளவு துளை விழுந்தாலும் ஊசி எழாது, வண்டி ஏற்றத்தில் திணறும். விளிம்பருகே ஒளி ஒரு புள்ளியாகக் கசிந்ததை நாங்கள் பிரத்தியட்சமாகக் கண்டோம்.

"இதுல ஓட்டை விழுந்தா நாலு பட்டறை ஏறி இறங்கி, எஞ்சினே போச்சுன்னு சொல்லிட்டு வருவாங்க, ஐயா. நான் முதல்ல இந்த ரப்பரைத்தான் பார்ப்பேன்," என்றார்.

பெட்ரோல் எஞ்சினின் உபாதைகள் பெரும்பாலும் இத்தன்மையானவை. பலவகைப்பட்டவை, ஆனால் ஒவ்வொன்றும் சிறியது, கண்ணுக்குப் புலப்படுவது, ஒரு பிற்பகலில் தீர்க்கக்கூடியது. மழைக்காலத்தில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் புகும். நெரிசலில் நெடுநேரம் நின்ற வண்டியின் கார்ப்பரேட்டரில் பெட்ரோல் சூடேறி ஆவியாகும். மாதக்கணக்கில் ஓடாத வண்டியில் பெட்ரோல் வற்றிப் பிசினாகித் துவாரங்களை அடைக்கும். இவற்றுள் எதுவும் ஒரு மனிதனைக் கடனாளியாக்காது. அந்த எஞ்சினின் பெருங்குறை என்று அவர் விரல் வைத்துச் சொன்னது டைமிங் சங்கிலியை மட்டுமே. ஆரம்ப காலத்தில் அதை ஒற்றை வரிசையாகச் செய்துவிட்டார்கள், தேய்ந்ததை உணராமல் ஓட்டினால் அறுந்து வால்வுகளை நாசமாக்கிவிடும். சங்கிலியை மாற்றிக்கொண்டுதான் வாங்க வேண்டும் என்பது அவருடைய திட்டமான கருத்து.

அங்கிருந்து கிள்ளானுக்கு. தெங்கு கிளானா சாலையைக் கடந்து காப்பார் செல்லும் வழியில், லாரிகள் வரிசையாக நிற்கும் ஓரிடத்தில் விற்பவர் 240 டியுடன் காத்திருந்தார். அதற்கு எதிர்ப்புறமே நாங்கள் தேடி வந்த டீசல் பம்புப் பட்டறை. வண்டியைப் பட்டறை வாசலில் கொண்டுவந்து நிறுத்திச் சாவியைத் திருப்பி எடுத்தார் விற்பவர், எஞ்சின் நிற்கவில்லை. சாவி அவர் கையில் இருக்க, எஞ்சின் தன்பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது. பட்டறைப் பெரியவர் பதற்றமின்றி வந்து மூடியைத் திறந்து, பம்பின் அருகிலுள்ள நிறுத்தும் நெம்பை அழுத்தினார், ஓசை அடங்கியது. பிறகு எஞ்சினின் பக்கம் திரும்பியும் பாராமல் பின்கதவின் உள் அட்டையைக் கழற்றச் சொன்னார்.

இதன் சூட்சுமத்தை அவர் விளக்கியபோது நான் வியந்தே போனேன். பெட்ரோல் எஞ்சினில் மின்பொறியை நிறுத்தினால் எல்லாம் நின்றுவிடும். டீசல் எஞ்சினுக்கோ பொறியே இல்லை; காற்றை ஏறக்குறைய இருபத்தொன்றில் ஒரு பங்காக அழுத்த, அந்தச் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்கிறது. ஆகவே அதை நிறுத்த எண்ணெயைத் தடுக்க வேண்டும். இந்த வரிசைக் கார்களில் அந்த வேலையைச் செய்வது வெற்றிடம். அதே வெற்றிடந்தான் கதவுகளின் பூட்டுகளையும் இயக்குகிறது. பின்கதவுப் பூட்டின் ரப்பர் கிழிந்தால் எஞ்சின் நிற்க மறுக்கும்! அப்படிப்பட்ட ஒரு கிழிசலே அங்கு அகப்பட்டது. புத்தகம் பார்த்து இதை ஒருவர் அறியலாம். உறுமும் எஞ்சினைக் கேட்டவுடன் கதவை நோக்கி நடக்கப் புத்தகம் போதாது.

பட்டறையின் உள்ளறைதான் அவருடைய வித்தைக்கூடம். வெளியில் எங்கும் கரியும் கிரீஸுமாக இருக்க, அந்த அறையின் தரை மட்டும் கழுவித் துடைத்துச் சுத்தமாக இருந்தது. எஞ்சினுக்கு எண்ணெயை அழுத்தி அனுப்பும் பம்புக்குள், நான்கு சிலிண்டர்களுக்கும் நான்கு சிறு தண்டுகள் ஏறி இறங்குகின்றன. ஒவ்வொன்றும் தன் உறையோடு மைக்ரான் கணக்கில் இழைக்கப்பட்டது. ஒரு துளி நீரோ ஒரு மணல் துகளோ புகுந்தால் அந்த இணை கெட்டது கெட்டதுதான். 2021 டிசம்பர் வெள்ளத்தில் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கிய பிறகு, சேறு கலந்த எண்ணெயோடு வந்த பம்புகள் பலவற்றைத் தாம் காப்பாற்ற முடியாமல் திருப்பிக் கொடுத்ததை அவர் வருத்தத்தோடு சொன்னார்.

எஞ்சினுக்குள் எண்ணெயைத் தூவும் நோசல் ஒன்றைக் கழற்றிக் கைநெம்புச் சோதனைக் கருவியில் பொருத்தி மெதுவாக அழுத்தினார். அழுத்தமானியின் முள் ஏறிக்கொண்டே போய் 115 பார் அருகே வந்ததும், கர்ரென்ற ஓசையுடன் எண்ணெய் பனிப்புகையாகப் பீறிட்டது. நன்றாகப் பார்க்கும் ஆசையில் என் நண்பர் குனிந்தார்.

"கையை முன்னுக்குக் கொண்டு போகாதீங்க, சார். இந்த எண்ணெய் தோலைத் துளைச்சு உள்ளே போயிடும். அப்புறம் விரலையே எடுக்க வேண்டியதா வந்துடும்."

அடுத்த நோசல் ஓசையின்றி ஒரு பக்கமாக ஒழுகியது. அவர் முள்ளைப் பார்க்கவுமில்லை. ஓசை இல்லாததைக் கேட்டே அதைத் தனியே எடுத்து வைத்தார். பின்னர் பம்பைச் சுழல்மேடையில் ஏற்றி, நான்கு கண்ணாடிக் குழாய்களில் இறங்கும் எண்ணெயின் அளவைச் சமப்படுத்தும் வேலையை அவருடைய சகோதரி மகன் தொடங்கினான். இருபத்திரண்டு வயதிருக்கலாம். குழாய்களில் மூன்றாவது சற்றுக் குறைந்து நிற்க, மாமன் எதுவும் சொல்லாமலிருக்க, பையன் தானே மேடையை நிறுத்தித் திருத்தத் தொடங்கியது எனக்கு நிறைவளித்தது.

பெரியவருக்கு இந்த வித்தை வந்த வழி, இந்நாட்டுத் தமிழர் பலர் எஞ்சின் வேலை கற்ற வழியே. தோட்டத்து ரப்பர் ஆலையில் உருளைகளை ஓட்டிய டீசல் எஞ்சினுக்கு அவர் தந்தை காவலர். சிறுவனாக எண்ணெய்க் கேனைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தவர் இவர். செந்தூல் ரயில்வே பட்டறையிலும் அவ்வாறே; 1957இல் டீசல் ரயில் எஞ்சின்கள் வந்து சேர்ந்தபோது, நீராவியோடு பழகிய கைகள் பம்பையும் நோசலையும் புதிதாகக் கற்றன. ரப்பர்ப் பாலும் நீராவியும் போன பின்னும் அந்த அறிவு லாரிகளில் தங்கியது. இப்போது லாரிகளும் கணினி கட்டுப்படுத்தும் எஞ்சின்களுக்கு மாறிவிட்டதால், சுழல்மேடையில் கண்ணாடிக் குழாய்களைப் பார்த்துத் திருத்துகிறவர்கள் குறைந்து வருகிறார்கள். பழைய டீசல் காரை வாங்குகிறவர் உண்மையில் இந்த அறையையும் சேர்த்தே நம்பி வாங்குகிறார் என்பது என் எண்ணம்.

செலவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டீசல் என்றால் சிக்கனம் என்ற பழைய நம்பிக்கை 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் தலைகீழாயிற்று. அன்று லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ஆக உயர்ந்தது. நூறு கிலோமீட்டருக்கு 240 டி ஒன்பதரை லிட்டரும் 200 பன்னிரண்டு லிட்டரும் குடிப்பதாகக் கொண்டால், முதல் நாள்வரை இருபது ரிங்கிட்டில் முடிந்த டீசல் பயணம் மறுநாள் முப்பத்திரண்டாயிற்று, அப்போது 2.05 ரிங்கிட் விற்ற பெட்ரோலிலோ இருபத்தைந்துக்குள் அடங்கியது. தகுதியுள்ள தனிநபர்களுக்கு அரசாங்கம் மாதம் 200 ரிங்கிட் உதவி அறிவித்ததும் உண்மையே. மாதம் 1,700 கிலோமீட்டர் வரை ஓடுகிறவருக்கு அது அன்றைய விலையேற்றத்தை ஈடுசெய்துவிடும். ஆயினும் சாலை வரி எஞ்சினின் கொள்ளளவைப் பொறுத்தது. சாதாரணக் கட்டணப்படி 200க்கு ஏறக்குறைய 380 ரிங்கிட், 240 டிக்கு ஏறக்குறைய 780. வேகத்தைக் கேட்கவே வேண்டாம். 109 குதிரைச்சக்திக்கு எதிரே 72 மட்டுமே.

டீசல் வண்டியின் கூட்டை வைத்துக்கொண்டு, பழைய கார்களின் பாகங்களை விற்கும் அரைவெட்டுக் கடையிலிருந்து ஜப்பானிய எஞ்சினை வாங்கி மாட்டிவிடலாம் என்று விற்பவர் ஒரு யோசனை சொன்னார். சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியும் பரிசோதனையும் கிராண்ட் என்னும் பதிவுப் பத்திரத்தில் மாற்றமும் வேண்டும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். பிறந்த எஞ்சினோடு நாற்பதாண்டு உழைத்த வண்டியிலிருந்து அதைப் பிடுங்குவது எனக்குச் சம்மதமில்லை. நண்பருக்கும் இல்லை.

எது வாங்குவது என்று நண்பர் அந்தப் பெரியவரையே கேட்டார். பம்பால் பிழைக்கிறவர் பம்புள்ள வண்டியைத்தான் பரிந்துரைப்பார் என்று நான் எதிர்பார்த்திருந்தேன்.

"நீங்க எவ்வளவு தூரம் ஓட்டுவீங்க, சார்?"

கோயிலுக்கு, கடைக்கு, ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்கு என்றார் நண்பர்.

"அப்போ பெட்ரோல் காடியை எடுங்க. இப்போ டீசல்ல செம்பனை எண்ணெய் கலக்குறாங்க. தினம் ஓடுற லோரிக்கு அது நல்லதுதான், பம்பு வழவழன்னு இருக்கும். நிக்கிற காடியில தண்ணி சேர்ந்து, டேங்கிலே பாசி மாதிரி பிடிக்கும். பழைய ரப்பர் குழாயும் ஊறிப் போகும். ரெண்டு மைல் ஓடி நிக்கிற எஞ்சின் சூடே ஏறாது."

நான் அந்த ஆலோசனையை முற்றிலும் ஏற்கிறேன். நீண்ட பாதையில் நாள்தோறும் ஓடுகிறவருக்கு, அருகில் இப்படியொரு பட்டறையும் இருக்குமானால், டீசலுக்கு ஈடு வேறில்லை. மின்கம்பிகளை நம்பாமல் ஓடும் அதன் உறுதியை நான் மனமார நேசிக்கிறேன். நகரத்துக்குள் எப்போதாவது புறப்படும் வண்டிக்குப் பெட்ரோலே பொருந்தும்.

நண்பர் சங்கிலியும் ரப்பரும் மாற்றிய 200ஐ வாங்கிக்கொண்டார். 240 டியை, கிள்ளானுக்கும் ஈப்போவுக்குமாக வாரந்தோறும் போய்வரும் மரக்கடைக்காரர் ஒருவர், பம்பைச் சீர்செய்து, திரும்பும் எண்ணெய்க் குழாய்களையெல்லாம் புதிதாக்கி, வடிகட்டிகளை மாற்றித் தரவேண்டும் என்ற நிபந்தனையுடன் எடுத்துக்கொண்டார். அந்தப் பம்பைப் பையனே பூட்டினான் என்று கேள்விப்பட்டேன்.