இரண்டு மில்லிமீட்டர்

என் மனைவியின் கைப்பையில் எப்போதும் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கும். அவள் பிறந்த ஊர் வால்பாறை. பொள்ளாச்சியிலிருந்து போகும்போது ஆழியாறு தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கிவிடும், மொத்தம் 40. கல்யாணமாகி 41 வருஷத்தில் அந்த நாற்பதையும் அவள் கண்ணைத் திறந்துகொண்டு கடந்ததாக எனக்கு நினைவில்லை. பழத்தை மூக்கருகே வைத்துக்கொண்டு பின்சீட்டில் சுருண்டு கிடப்பாள். மூன்று இடத்திலாவது வண்டியை நிறுத்த வேண்டிவரும்.

"மலையில பொறந்தவளுக்கு மலைப்பாதை ஒத்துக்கலையா?" என்று கேலி பேசியிருக்கிறேன். அவள் பதில் சொன்னதில்லை. அங்கே இருக்கும் அண்ணனைப் பார்க்கப் போவது வருஷத்துக்கு ஒரு தடவை என்று குறைந்து, பிறகு அதுவும் நின்றுபோனது. அவருக்கு 78 வயது. முழங்கால் வலியால் கீழே இறங்கி வர முடியாது. இரண்டு பேரும் போனில் பேசிக்கொள்வார்கள். பேசி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்காக மலை ஏறினோம். என் கண் ஆபரேஷன் முடிந்து சில வாரங்களே ஆகியிருந்ததால் மகன் ஓட்டினான். நான் முதல் தடவையாகப் பின்சீட்டில் உட்கார்ந்தேன். பதினேழாவது வளைவில் வண்டியை நிறுத்தச் சொன்னது நான்தான்! ஓட்டுகிறவனுக்கு ஸ்டியரிங் கையில் இருக்கிறது. அடுத்து எந்தப் பக்கம் சாயும் என்று உடம்புக்கு முன்பே தெரிந்துவிடும். பின்னால் இருப்பவருக்கு அது கிடையாது. என் மனைவி ஒன்றும் பேசாமல் எலுமிச்சம்பழத்தை என்னிடம் நீட்டினாள்.

ஊர் திரும்பியதும் எங்கள் மெக்கானிக் தம்பியிடம் போனேன். "வளைவுல பாடி ரொம்ப சாயுதுங்க சார். பின்னாடி ஒரு ஸ்வே பார் போட்டா அடங்கும்" என்றான். சிலர் இதையே ஸ்டெபிலைசர் பார், ஆன்டி ரோல் பார் என்றும் சொல்வார்கள். விஷயம் எளிது. இரண்டு பின்சக்கரங்களின் பக்கமும் பிடித்துக்கொள்ளும் ஒரு ஸ்பிரிங் ஸ்டீல் கம்பி. ஸ்பீடு பிரேக்கரில் இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கும்போது அதற்கு வேலையே இல்லை. வளைவில் வண்டி சாய்ந்து, ஒரு பக்கம் அமுங்கி மறுபக்கம் தூக்கும்போதுதான் கம்பி முறுக்கப்படுகிறது. அந்த முறுக்கை எதிர்க்கும் அளவுக்குச் சாய்வு குறையும். என் வண்டியில் முன்பக்கம் கம்பெனியே கொடுத்த பார் உண்டு. பின்பக்கம் தனியாகக் கிடையாது.

16 மி.மீ., 18 மி.மீ. என்று இரண்டு கனத்தில் கிடைத்தது. தம்பி சின்னதே போதும் என்றான். நான் கேட்கவில்லை. செய்வதைப் பெரிதாகச் செய்வோமே என்று 18 போடச் சொன்னேன்.

அடுத்த மாதம் ஏறினோம். ஒன்பதாவது வளைவில், ஆழியாறு அணை தெரியும் இடத்தில், அவள் எழுந்து உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அட்டகட்டி வரை வண்டியை நிறுத்தவே இல்லை. அண்ணனும் தங்கையும் அன்று பேசிய பேச்சு, நான் படுக்கப் போன பிறகும் அடுத்த அறையில் கேட்டுக்கொண்டிருந்தது.

இதோடு நிறுத்தியிருந்தால் நல்ல கதை. எனக்குத்தான் தலைக்கனம் ஏறிவிட்டது. வண்டி சாயவில்லை என்றதும் வளைவுகளில் வேகம் தானாகக் கூடியது. ஐப்பசி மழையில் கீழே இறங்கும்போது ஒரு வளைவுக்குள் வேகமாக நுழைந்துவிட்டு, பயந்து ஆக்சிலேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தேன். வண்டியின் வால் பக்கவாட்டில் வழுக்கியது. எதிரே வண்டி எதுவும் வரவில்லை. அதனால்தான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். தடுப்புச் சுவருக்கு இரண்டடி தள்ளி வண்டி நின்றது.

ஆழியாறு வரும்வரை அவள் வாயே திறக்கவில்லை. செக்போஸ்ட் தாண்டிய பிறகு கேட்டாள்: "ஏங்க, அந்தக் கம்பிய எனக்காகப் போட்டீங்களா, உங்களுக்காகப் போட்டீங்களா?"

மறுநாள் காலையிலேயே ஒர்க்‌ஷாப்பில் நின்றேன். தம்பி முதலில் பின்டயர்களைத் தடவிப் பார்த்தான். பட்டன் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது. பிறகு விளக்கினான். பின்பக்கத்தை விறைப்பாக்கினால் வளைவில் பின்சக்கரங்களின் பிடிப்பு கொஞ்சம் குறையும். சட்டென்று ஆக்சிலேட்டரை விட்டால் பாரம் முன்னால் போய்விடும். ஈர ரோட்டில் வால் வழுக்க அதுவே போதும்.

"ரெண்டு மி.மீ.ல என்னப்பா பெரிய வித்தியாசம்?" என்றேன். அவன் சிரித்தான். 34 வருஷம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். வீட்டுக்கு வந்து நானே போட்டுப் பார்த்தேன். கம்பியின் விறைப்பு, விட்டத்தின் நான்காம் அடுக்கோடு போகிறது. 18-ஐ 16 ஆக்கினால் விறைப்பு சுமார் 38 சதவீதம் குறைகிறது. இந்தக் கணக்கைப் பார் வாங்கும் முன்பே போட்டிருக்க வேண்டும்.

இப்போது 16 மி.மீ. பார், நான்கு புது டயர். என் வயதுக்காரர்களுக்குச் சொல்ல இதுதான் இருக்கிறது. வண்டி ஆடினால் முதலில் டயர், ஷாக் அப்சார்பர், ரப்பர் புஷ் இவற்றைப் பாருங்கள். பார் அதற்குப் பிறகு. மேடுபள்ளத்தின் குலுக்கலுக்கு அது மருந்து இல்லை. ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கினால் அந்த ஆட்டம் மறுபக்கத்துக்கும் போகும். எல்லாவற்றுக்கும் மேல், வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறையுங்கள். அதற்குச் செலவே இல்லை. நாற்பது வருஷமாக நான் அதைச் செய்திருந்தால் அவள் எழுந்து உட்கார்ந்தே வந்திருப்பாளோ என்னவோ.

இப்போது இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை மலை ஏறுகிறோம். அவள் முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து வளைவுகளை எண்ணிக்கொண்டே வருகிறாள். கைப்பையில் எலுமிச்சம்பழம் இன்னும் இருக்கிறது. போன தடவை அதை அண்ணன் வீட்டில் ஜூஸ் போட்டு எங்கள் மூன்று பேருக்கும் கொடுத்தாள்.