நாலாம் பெட் அட்டெண்டர்

"ஐசியு பெட் நம்பர் நாலு அட்டெண்டர், உடனே வரவும்."

அப்பா உள்ளே கிடந்த ஒன்பது நாளும் மைக்கில் இதே வாக்கியம்தான். ஊசி வாங்கிவரச் சொல்லவும் இதுதான், பணம் கட்டச் சொல்லவும் இதுதான். ஒவ்வொரு தடவையும் செருப்பைக்கூடத் தேடாமல் ஓடுவோம். கண்ணாடிக் கதவு பாதி திறக்கும். ஒரு கை மட்டும் சீட்டை நீட்டும். "ஃபார்மசில வாங்கிட்டு வாங்க." அம்மா சுவரைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிடுவாள். பத்தாம் நாள் விடியற்காலை கூப்பிட்டபோது நான் பர்ஸை எடுத்துக்கொண்டுதான் போனேன்.

ஆறு வருடம் கழித்து, வேறொரு தனியார் மருத்துவமனையில் எனக்கு வேலை. கம்யூனிகேஷன் பிளான் ஒன்று எழுதித் தரச் சொன்னார்கள். யாருக்கு, எதை, எப்போது, எதன் வழியாக, யார் சொல்வது என்று கட்டம் போட்ட பழைய கோப்பு ஒன்றையும் கொடுத்தார்கள். டிவிக்காரர்கள் வந்தால் யார் பேசுவது என்பதற்கே மூன்று பக்கம். நோயாளியின் மனைவி கேட்டால் யார் பேசுவது? அதற்குக் கட்டமே இல்லை.

ஒரு வாரம் ஐசியு வராந்தாவில் போய் உட்கார்ந்தேன். மருத்துவமனை ஊழியர்களைத் தாக்கினால் 2008-ஆம் வருடச் சட்டப்படி தண்டனை என்ற போர்டு மட்டும் பளிச்சென்று இருந்தது. டாக்டர் "ஸ்டேபிளா இருக்காரு" என்று சொல்லிவிட்டு நடந்தார். அவர் சொன்னது நிலைமை மாறவில்லை என்று. மகள் போனில் ஊருக்குச் சொன்னது, "நல்லாருக்காராம்." இரவு டூட்டி சிஸ்டரிடம் கேட்டேன். "நாங்க எதுவும் சொல்லக் கூடாதுன்னு ஆர்டர் சார். 'டாக்டர் வந்து சொல்வாரு'ன்னு சொல்லிக்கிட்டே இருப்போம்." அந்த டாக்டரையும் குறை சொல்ல முடியாது. ராத்திரி முழுக்க எல்லா பெட்டுக்கும் அவர் ஒருத்தர்தான்.

கெட்ட செய்தி சொல்வதற்கு 'ஸ்பைக்ஸ்' என்று ஒரு முறை உண்டு. புற்றுநோய் மருத்துவர்களுக்காக வால்டர் பெய்ல், ராபர்ட் பக்மேன் முதலானவர்கள் 2000-இல் எழுதியது. ஆறு படிகள். முதல் படி, தனியாக உட்கார்ந்து பேச ஓர் இடம். இரண்டாவது, எதிரில் இருப்பவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது. எங்களிடம் முதல் படிக்கே இடம் இல்லை. லிஃப்ட் பக்கத்தில் நின்றபடிதான் எல்லாம்.

நான் கேட்டது மூன்று. நாலு நாற்காலி போட்ட ஓர் அறை. தினமும் காலை 11, மாலை 6 மணிக்கு டாக்டர் வந்து பேசுவது. மருந்துக்கு மைக்கில் கூப்பிட்டால் மருந்துக்கு என்றே சொல்வது, கெட்ட செய்தி என்றால் மைக்கைத் தொடாமல் சிஸ்டர் நேரில் வந்து அழைப்பது.

அறை பில்லிங்குக்குப் போயிற்று. நேரம் குறிக்கப் பெரிய டாக்டர்கள் ஒப்பவில்லை. மைக் மட்டும் பாஸானது, செலவில்லையே!

"பெட் நம்பர் ஏழு, மருந்துச் சீட்டு." போன வாரம் ஓர் அம்மா எழுந்தார். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு நடந்து போனார்.

ஒன்றை நான் யோசிக்கவில்லை. சிஸ்டர் கதவைத் திறந்து வெளியே வந்தாலே இப்போது வராந்தா மொத்தமும் எழுந்து நிற்கிறது. அந்தப் பகுதியைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். வார்டுக்கு மாற்றப்போகிறோம், கஞ்சி குடித்தார் என்று சொல்லவும் சிஸ்டர் நேரில்தான் வர வேண்டும்.