மூக்கும் முழியுமாக

அழகான பெண்ணை 'மூக்கும் முழியுமாக இருக்கிறாள்' என்கிறோம். அவமானப்பட்டவனை 'மூக்கறுபட்டான்' என்கிறோம். பழம்புலவர்கள் எள்ளுப்பூவையும் குமிழம்பூவையும் மூக்குக்கு உவமையாக்கினார்கள். ஓர் உறுப்பின்மேல் நாம் ஏற்றிவைத்திருக்கும் சுமை இவ்வளவு என்பது, என் அக்காள் மகள் மூக்கைத் திருத்திக்கொள்ள விரும்பியபோதுதான் எனக்கு உறைத்தது. பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டாரும் அவள் மூக்கைப் பற்றியே பேசிப் போயிருந்தார்கள். "மாமா, நீங்களாவது திட்டாமக் கூட வாங்க" என்றாள். போனேன்.

மூக்கறுப்பைத் தண்டனையாக வைத்திருந்த நாட்டில் மூக்கை மீட்கும் கலையும் வளர்ந்தது. கன்னத்துச் சதையால் மூக்கமைக்கும் முறையைச் சுசுருத சம்ஹிதை விவரிக்கிறது. திப்புவுடனான போரில் சிறைப்பட்டு மூக்கிழந்த காவஸ்ஜி என்ற வண்டியோட்டிக்கு, நெற்றித் தோலைக் கொண்டு புதுமூக்கு அமைக்கப்பட்ட செய்தியை 1794இல் லண்டன் இதழொன்று வெளியிட்டது. ஜோசப் கார்ப்யூ 1814இல் அம்முறையை லண்டனில் செய்துகாட்டினார். இழந்ததை மீட்கப் பிறந்த கலை அது. இருப்பதை மாற்ற அதையே நாடும்போது கேள்விகள் வேறாகின்றன.

மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "இது யாருடைய விருப்பம்?" அவள் பதில் சொல்லாமல் கைப்பேசியில் தன் படத்தைக் காட்டினாள். 30 செ.மீ. தொலைவில் எடுக்கும் படம், 1.5 மீட்டரில் எடுப்பதைவிட மூக்கை ஏறத்தாழ 30 விழுக்காடு அகலமாகக் காட்டும் என்று 2018இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டிருக்கிறது. அந்தப் படத்தை நம்பிக் கத்திக்கு முகம் கொடுக்கலாகாது.

பிறகு அவர் விளக்கினார். எலும்பையும் குருத்தெலும்பையும் மாற்றியமைக்கலாம். ஆனால் மேல்தோல் தடிமனாக இருந்தால் நுனியில் செய்த நுண்ணிய மாற்றம் வெளியே தெரியாது. மூக்கின் மேலுள்ள கட்டு ஏறத்தாழ ஒரு வாரம் இருக்கும். கண்ணைச் சுற்றிய கன்றல் மறைய இரண்டு வாரமாகும். வீக்கம் முழுதும் வடிய ஓராண்டு கூட ஆகலாம். ஆகவே ஐப்பசியில் அறுவை, தை மாதத்தில் கல்யாணம் என்ற கணக்கு இங்கே செல்லாது. புகைப்பழக்கத்தையும், ஆஸ்பிரின் முதல் நாட்டு மருந்து வரை உட்கொள்ளும் எதையும் மறைக்கக் கூடாது. மூச்சடைப்பு, மூக்கின் நடுச்சுவரில் துளை, மறு அறுவை ஆகியவற்றுக்கும் இடமுண்டு. அழகுக்காக மட்டும் செய்வதற்குப் பொதுவாகக் காப்பீடு கிடைக்காது. மருத்துவரின் பட்டம் எந்தத் துறையில், மூக்கறுவையில் அவருக்கு எவ்வளவு பயிற்சி என்று கேட்க நோயாளி கூச வேண்டியதில்லை.

திரும்பும் வழியில் அவள் கேட்டாள்: "அந்த ரெண்டு வீட்லயும் ஒண்ணும் சொல்லாம இருந்திருந்தா எனக்கு இது தோணியிருக்குமா, மாமா?"

அதற்கு விடை அவளிடம்தான் இருக்கிறது. அறுவையைப் பற்றி அவள் இன்னும் முடிவெடுக்கவில்லை. பெண் பார்க்கும் படலத்தை மட்டும் நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டாள். நாளை திருத்திக்கொண்டாலும் அது அவளுடைய மூக்காக இருக்க வேண்டும். காப்பி குடித்துவிட்டுப் போனவர்கள் கேட்ட மூக்காக இருக்கக் கூடாது.