மூக்கடி நிழல்

மதுரை–தென்காசி சாலையில் லாரி போகும்போதெல்லாம் ராஜபாளையத்து மாடியறையின் ஜன்னல் அதிர்கிறது. திரையில் ஒரு மாப்பிள்ளை முகம். வரைந்த மாதிரி வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். ஃப்ளெக்ஸ் பேனர் கடைகளில் இதற்கு ‘ஸ்மட்ஜ்’ என்றே பெயர். நண்பர் ஒருவர் சொல்லிவைத்ததால், அதைச் செய்யும் இளைஞரின் பக்கத்தில் நமக்கும் ஒரு ஸ்டூல் கிடைத்தது.

அந்த இளைஞர் முதலில் வெளிச்சத்தை அடக்குகிறார். நெற்றியிலும் கன்னத்திலும் பளிச்சிடுவதை இறக்குகிறார். கண்குழியிலும் கழுத்திலும் கிடக்கும் இருட்டை ஏற்றுகிறார். போட்டோஷாப்பில் வெளிச்சத்தையும் இருட்டையும் திருத்தும் கர்வ்ஸ் கோட்டின் கீழ்முனையைச் சற்றுத் தூக்கியதும் அட்டக்கருப்பு சாம்பலாகிறது. முகம் தாளில் ஒட்டியதுபோல் தட்டையாகிறது. பிறகுதான் ஸ்மட்ஜ். ஈரச் சாயத்தில் விரலை இழுப்பதுபோல, அடுத்தடுத்த நிறங்களை இழுத்துக் கலக்கும் கருவி அது. சதை ஓடும் திசையிலேயே இழுக்க வேண்டும். குறுக்கே போனால் முகம் பிசைந்த மாவு. மீசை மட்டும் முடி முடியாக வருகிறது. நடுவே ஏதேதோ லேயர்கள் திறந்து மூடின. அவை நமக்குப் பிடிபடவில்லை.

கண்மணியின் வெள்ளைப் பொட்டையும் மூக்கடி நிழலையும் அவர் தொடவேயில்லை. “அத எடுத்துட்டா ஆளே மாறிருவாரு சார்.”

போட்டோஷாப் வந்தது 1990இல். முகத்தை வழவழப்பாக்கும் ஆசை அதைவிடப் பழையது. ஸ்ரீவில்லிபுத்தூரில், பால்கோவா மணக்கும் ஒரு சந்தில், ஸ்டுடியோவை மூடிவிட்ட பெரியவர் ஒருவர், நெகடிவைத் திருத்தும் டச்சிங் டெஸ்க்கை இன்னும் வைத்திருக்கிறார். சாய்வான மரப்பலகை, நடுவில் மங்கல் கண்ணாடி, அடியில் வெளிச்சத்தைத் திருப்பிவிட முகம் பார்க்கும் கண்ணாடி. நெகடிவில் எல்லாம் தலைகீழ். அம்மைத் தழும்பின் பள்ளம் அங்கே தெளிந்த புள்ளியாக நிற்கும். பென்சிலால் அதைக் கருக்கினால் அச்சில் தழும்பு மறையும். வழுக்காமலிருக்க வார்னிஷ் போன்ற ஒரு திரவம் தடவ வேண்டும். பென்சில் முனையை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து ஊசியாக்கிக் காட்டினார். கை இன்னும் நடுங்கவில்லை.

கோவில்பட்டியிலிருந்து ஓவியர் கொண்டையராஜு (1898–1976) வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் காலண்டராகி வீடு வீடாகப் போயின. சுருக்கமோ தழும்போ இல்லாத முகங்கள். அவற்றைக் கும்பிட்டு வளர்ந்த கண்கள் தங்கள் படத்திலும் அதையே தேடுவதில் வியப்பென்ன?

கூலிதான் கசப்பு. வாடிக்கையாளர் எவ்வளவு கொடுத்தார் என்பது ராஜபாளையத்து இளைஞருக்குத் தெரியாது. ஆர்டர் பிடிப்பவர் படத்தை வாட்ஸ்அப்பில் தள்ளிவிடுவார். திருத்தம், மறுபடி திருத்தம், ஒன்றுக்கும் காசில்லை. “இன்னும் கொஞ்சம் கலரா” என்பதே அதிகம் வரும் திருத்தம். கலர் என்றால் இங்கே வெளுப்பு. ஒரு கருத்த முகத்தை அதன் சொந்தக் கருப்போடு அழகாக்கத் தெரிந்த கையை, வெள்ளையடிக்கும் கூலியாக்கிவிட்டுக் கமிஷனும் பிடித்துக்கொள்கிறார்கள். பேனரின் மூலையில் கடைப்பெயர் இருக்கும், தொலைபேசி எண் இருக்கும். வரைந்தவர் பெயருக்கு மட்டும் இடமிருக்காது.

நம் கைப்பேசியிலிருந்த மாப்பிள்ளை படத்தைப் பெரியவர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். “மூக்கடிய விட்டுவச்சிருக்கான். வேல தெரிஞ்ச பய.”

சாயங்காலம் ராஜபாளையம் திரும்பி அதைச் சொன்னபோது இளைஞர் சிரித்தார். பிறகு, புதிதாக வந்திருந்த குரல் செய்தியைப் போட்டுக் காட்டினார். “தம்பி, மூக்குக்குக் கீழ கருப்பா இருக்காம். எடுத்துருங்க.”

மவுஸ் அந்த இடத்துக்குப் போய் நின்றது.